ஒரு ஏக்கர் புல்: ஜீரோ டர்ன் மோவரா, லான் டிராக்டரா?

அமெரிக்காவில் நகர எல்லையைத் தாண்டி வீடு வாங்கும் நம் ஆட்களுக்கு, சாவி கைக்கு வந்த பிறகுதான் நிலத்தின் அளவு உறைக்கிறது. வட கரோலைனாவில் கேரி, அபெக்ஸ் பக்கம் கால் ஏக்கர் மனையில் இருந்தவர்கள் சாத்தம் கவுண்டிக்குப் போய் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்று வாங்குகிறார்கள். ஊர்க் கணக்கில் ஒரு ஏக்கர் நூறு சென்ட். 43,560 சதுர அடி. வீடு, டிரைவ்வே, மரங்கள் எல்லாம் கழித்தாலும் முக்கால் ஏக்கர் புல் நிற்கும். அதை 21 அங்குலத் தள்ளு மோவரால் வெட்டினால் ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மைல் நடக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் டால் ஃபெஸ்க்யூ புல் வாரம் தவறாமல் வெட்டச் சொல்லும். ஜூன் வெயிலில் அந்த நடை இன்னும் கஷ்டம்.

அப்போது மூன்று வழி தெரியும்: ஆள் வைத்து வெட்டலாம், ஸ்டியரிங் வைத்த லான் டிராக்டர் வாங்கலாம், இரண்டு நெம்புகோல் வைத்த ஜீரோ டர்ன் வாங்கலாம். கடைக்குப் போனால் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பெட்டி) எத்தனை அங்குலம், எத்தனை குதிரைத்திறன் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் ஆரம்பிக்கச் சொல்வது உங்கள் நிலத்திலிருந்து. சரிவு எவ்வளவு, கேட் எவ்வளவு அகலம், மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அதற்கடுத்து, எஞ்சினின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்மிஷன். குதிரைத்திறனைக் கடைசியில் பார்த்தால் போதும்.

ஆள் வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முக்கால் ஏக்கர் புல்லுக்கு ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய 50 முதல் 80 டாலர் கேட்பார்கள். எங்கள் பக்கம் மார்ச் கடைசி முதல் நவம்பர் வரை முப்பது வெட்டு வரும் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,500 முதல் 2,400 டாலர். வீட்டு உபயோக ஜீரோ டர்ன் பெரும்பாலும் 3,000 முதல் 4,500 டாலருக்குள் கிடைக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டில் வீடு மாறும் எண்ணம் இருந்தாலோ, முதுகுவலி இருந்தாலோ, கராஜில் இடம் இல்லாவிட்டாலோ ஆள் வைப்பதே சரி. ஐந்து ஆண்டுக்கு மேல் அதே வீடு என்றால் மெஷின் வாங்கலாம்.

லான் டிராக்டர் பழகிய வண்டி. முன் சக்கரங்களை ஸ்டியரிங் திருப்பும், பின் சக்கரங்கள் தள்ளும். ஜீரோ டர்ன் வேறு மாதிரி. பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன், அதற்குத் தனித்தனி நெம்புகோல். இரண்டையும் சமமாக முன்னே தள்ளினால் நேராகப் போகும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் இழுத்தால் நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். முன் சக்கரங்கள் ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரி சும்மா சுழல்பவை. திசைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. 1960களில் கேன்சஸ் மாநிலத்தில் ஜான் ரெஜியர் ஹஸ்லர் என்ற ஜீரோ டர்ன் வண்டிக்கு அடிபோட்டபோது நோக்கம் மரத்தைச் சுற்றி ஒட்டி வெட்டுவது. இன்றைக்கும் இந்த வண்டியின் பலம் அதுதான்.

நேரக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 42 அங்குல டெக், மணிக்கு 5 மைல் வேகம், திரும்பலுக்கும், ஒரு வரிசை அடுத்ததன் மேல் கவிவதற்கும் 20 சதவீதம் கழிவு என்றால் ஜீரோ டர்ன் ஒரு மணி நேரத்தில் சுமார் 1.7 ஏக்கர் வெட்டும். அதே டெக் உள்ள டிராக்டரை 4 மைல் வேகத்தில் ஓட்டினால் 1.4 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நிலத்தில் எட்டு மரம், ஒரு ஊஞ்சல், பூப்பாத்திகள், பிராபேன் தொட்டி என்று இருந்தால்தான் கதை மாறும். டிராக்டர் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமடித்து, பின்னால் எடுத்து, மறுபடி வரும். ஜீரோ டர்ன் ஒட்டியே போய்த் திரும்பிவிடும், ஸ்டிரிங் டிரிம்மர் வேலையும் பாதியாகும். வெறும் திறந்தவெளிச் செவ்வகமாக இருக்கும் மனைக்கு இந்த லாபம் மிகக் குறைவு.

இனி சரிவு. இங்கேதான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திசை முழுக்கப் பின் சக்கரங்களின் பிடியில் இருப்பதால், பிடி நழுவினால் ஜீரோ டர்னில் திருப்பும் சக்தியும் போய்விடும். டிராக்டரில் பின் சக்கரம் வழுக்கினாலும் முன் சக்கரங்கள் ஓரளவு திசையைக் காக்கும். வட கரோலைனாவின் நடுப்பகுதியான எங்கள் பீட்மான்ட்டின் செம்மண் களிமண் மழைக்குப் பிறகு இரண்டு நாள் ஈரம் விடாது. மேலே புல் காய்ந்தது போல இருக்கும், அடியில் வழுக்கும். வண்டி பக்கவாட்டில் இறங்க ஆரம்பித்த பிறகு நெம்புகோலை எப்படி இழுத்தாலும் அது கீழேதான் போகும். சரிவின் அடியில் குளமோ, மழைநீர்ப் பள்ளமோ, தடுப்புச் சுவரோ இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்கின்றன; சிலவற்றில் வரம்பு இன்னும் குறைவு. 15 டிகிரி என்பது 10 அடிக்கு 2.7 அடி ஏற்றம். அளப்பது சுலபம்: எட்டடி மரச்சட்டம் ஒன்றைச் சரிவில் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்து, லெவல் ஆப்பைத் திறந்தால் டிகிரி தெரியும். கண்ணை நம்பாதீர்கள், மேட்டின் மேலிருந்து பார்த்தால் சரிவு குறைவாகவே தோன்றும். 10 டிகிரிக்குள் இருந்தால் தயங்க வேண்டாம். 10 முதல் 15 வரை, அதுவும் அடியில் பள்ளம் இருந்தால், டிராக்டர் வாங்குங்கள். அதற்கு மேல் இருக்கும் துண்டை எந்த உட்கார்ந்து ஓட்டும் வண்டியாலும் வெட்ட வேண்டாம், தள்ளு மோவரை எடுங்கள் அல்லது அங்கே புதர்ச்செடி வைத்துவிடுங்கள். பள்ளம், நீர்க்கரை ஓரங்களில் இரண்டு வண்டி அகலமாவது விட்டு ஓட்டுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. கப் கேடட் நிறுவனத்தின் இசட்டிஎஸ்1 போன்ற வண்டிகளில் நெம்புகோலுக்குப் பதில் ஸ்டியரிங் இருக்கிறது, முன் சக்கரங்களும் சேர்ந்து திரும்புகின்றன. அதே அளவு நெம்புகோல் வண்டியைவிட விலை கூடுதல். ஆனால் லேசான மேடு பள்ளம் உள்ள மனைக்கும், நெம்புகோல் கைக்குப் பழகாதவர்களுக்கும் அந்தக் கூடுதல் பணம் தகும். வண்டியில் பின்னால் கவிழ்வுத் தடுப்புக் கம்பி இருந்தால் அதை நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட் போடுங்கள். கம்பியை மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது. விலை குறைந்த வீட்டு மாடல்கள் பலவற்றில் இந்தக் கம்பியே கிடையாது. சரிவில் ஓட்டத் தயங்குவதற்கு அது இன்னொரு காரணம்.

டிராக்டருக்கு வேறொரு நன்மையும் உண்டு, இழுவை. மல்ச் வண்டி, உரம் தூவி, இலை பெருக்கி எல்லாம் பின்னால் கட்டி இழுக்கலாம். ஓக் மரம் நிறைந்த மனையில் நவம்பர் மாத இலைக்கு இது பெரிய உதவி. விலை குறைந்த ஜீரோ டர்ன்களின் டிரான்ஸ்மிஷன் இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல.

ஜீரோ டர்ன்தான் என்று முடிவானால், டெக் அகலம். 42 அங்குல டெக்கில் இரண்டு பிளேடு, 50, 54 அங்குலத்தில் மூன்று. பேக்யார்ட் வேலியின் கேட்டை முதலில் அளங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 42 என்பது வெட்டும் அகலம் மட்டும். புல் வெளியேறும் மூடியோடு சேர்த்தால் வண்டி ஒரு அடி வரை கூடுதலாக நீளும். 48 அங்குல கேட்டில் 42 அங்குல வண்டி மூடியை மேலே தூக்கினால்தான் நுழையும், இறுக்கமாக. இன்னொன்று, அகல டெக் மேடுபள்ளத்தில் மண்டையை மழித்துவிடும்: நடுவில் திட்டு உள்ள இடத்தில் பிளேடு மண் வரை இறங்கி மஞ்சள் வட்டம் விழும். 1.5 ஏக்கர் வரை 42 அல்லது 46 போதும். இரண்டு ஏக்கரைத் தாண்டினால் 54 பற்றி யோசியுங்கள்.

டெக்கின் உடம்பு இரண்டு விதம். ஒரே தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது ஒன்று, தகடுகளை வெட்டி வெல்டிங் செய்தது இன்னொன்று. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன்: 13 கேஜ் சுமார் 2.3 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4, தொழில்முறை வண்டிகளின் 7 கேஜ் 4.5. வேரும் கல்லும் உள்ள நிலத்தில் வெல்டிங் டெக் தாக்குப்பிடிக்கும். பண்படுத்திய புல்தரையில் அழுத்து டெக் போதும். அதன் வளைந்த உட்புறத்தில் காற்று நன்றாகச் சுழன்று புல்லை நிமிர்த்தும் என்பதால் வெட்டும் சுத்தமாகவே இருக்கும்.

எஞ்சினுக்குக் கவாசாகி எஃப்ஆர், கோலர் 7000, பிரிக்ஸ் என்று தேர்வு. இதில் ஆளாளுக்குச் சண்டை போடுவார்கள். வீட்டுக்காரர் ஆண்டுக்கு 20 முதல் 40 மணி நேரம் ஓட்டுவார். பத்தாண்டில் அதிகபட்சம் 400 மணி நேரம். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் மூன்றுமே அதைத் தாண்டும். எனக்குக் கவாசாகி பிடிக்கும், ஆனால் அதற்காக 500 டாலர் கூடுதலாகக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த 500 டாலரை டிரான்ஸ்மிஷனுக்குக் கொடுங்கள்.

டிரான்ஸ்மிஷன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் இது வராது. இல்லினாய் மாநிலம் சலிவன் ஊரிலுள்ள ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் டிரான்ஸ்மிஷன்கள்தான் பெரும்பாலான வீட்டு ஜீரோ டர்ன்களில், நிறமும் பெயரும் எதுவானாலும். தொடக்க விலை வண்டிகளில் இருப்பது ஈஇசட்டி வகை. மூடி முத்திரையிட்டது. ஆயில் மாற்றவோ ஃபில்டர் மாற்றவோ வழி செய்யப்படவில்லை. 'பராமரிப்பே தேவையில்லை' என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். சமதளத்தில் ஒரு ஏக்கர் வெட்ட அது சரியாகவே உழைக்கும். கோடையில் மேடு ஏறி இறங்கி வெட்டினால் உள்ளே ஆயில் சூடேறி மெலிந்துவிடும், அழுத்தம் குறையும், சில ஆண்டில் ஒரு பக்கம் சோர்ந்து வண்டி நேராகப் போகாமல் இழுக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் வரிசையில் இருக்கும் இசட்டி-2800 போன்றவற்றில் ஃபில்டர் உண்டு, ஆயில் மாற்றலாம், பெரிய எடையைத் தாங்கும். கடையில் வண்டியின் பின்னே குனிந்து, பின் சக்கரத்துக்கு உட்புறம் பாருங்கள். டிரான்ஸ்மிஷன் மேல் சிறு ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். இரண்டு வண்டியின் விலையில் ஏன் 1,000 டாலர் வித்தியாசம் என்பதற்கான விடை பல சமயம் அந்த ஸ்டிக்கரில்தான்.

பேட்டரி ஜீரோ டர்ன் தனிக் கணக்கு. ஈகோ, ரயோபி நிறுவனங்களின் இந்த வண்டிகள் பெட்ரோல் இல்லாமல் ஓடுபவை. எஞ்சின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷனும் இல்லை. சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். சத்தம் பாதி. ஈகோவின் 42 அங்குல இசட்6 வண்டி நான்கு 10 ஆம்பியர்-மணி பேட்டரிகளோடு 2 ஏக்கர் வரை வெட்டும் என்று நிறுவனம் சொல்கிறது. ஏப்ரல் மாத ஈரத் தடிப் புல்லில் அந்த அளவை எதிர்பார்க்காதீர்கள், ஒரு ஏக்கருக்கு நிம்மதியாகப் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 5,000 டாலர் அளவில், பேட்டரிகள் ஒரு நாள் மாற்ற வேண்டிவரும், அது சின்னத் தொகை அல்ல. அதே பேட்டரியை இலை ஊதி, டிரிம்மருக்கும் மாட்டலாம் என்பது பெரிய அனுகூலம். அரை ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் சமதளம், மெக்கானிக் வேலையில் ஆர்வம் இல்லை என்றால் என் பரிந்துரை இதுவே. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு யோசனைக்கே இடம் குறைவு: 2024 மாடல் ஆண்டு முதல் இந்த வகைச் சிறு எஞ்சின்களில் புதியவை புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்பது அந்த மாநில விதி. ஏற்கெனவே வைத்திருக்கும் பெட்ரோல் வண்டியை ஓட்டத் தடையில்லை.

எங்கே வாங்குவது? பெருங்கடையில் சலுகை கிடைக்கும், உள்ளூர் டீலரிடம் சர்வீஸ் கிடைக்கும். மே மாதம் பெல்ட் அறுந்தால், தன்னிடம் வாங்கியவரின் வண்டியைத்தான் பல டீலர்கள் முதலில் எடுப்பார்கள். இருபது மைலுக்குள் எந்த பிராண்டுக்கு டீலர் இருக்கிறார் என்று பார்த்து, அதை வாங்குவது நல்ல வழி. வீட்டு உபயோக வாரண்டி பக்கத்து வீட்டில் காசுக்கு வெட்டினால் செல்லாது என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

வாங்கியான பிறகு

புதிய எஞ்சினின் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லும் மாடல்கள் உண்டு, கவாசாகி 8 மணி நேரத்தில் கேட்கும். பிறகு 100 மணி நேரத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அது. நமக்கு எப்போதும் ஆண்டுதான் முதலில் வரும். சுமார் 2 குவார்ட் 10டபிள்யூ-30 ஆயில், ஒரு ஃபில்டர், அரை மணி நேர வேலை. ஃபில்டர் உள்ள டிரான்ஸ்மிஷனுக்கு முதல் மாற்றம் 75 முதல் 100 மணி நேரத்துக்குள், பிறகு 400 மணி நேரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் 20டபிள்யூ-50. மாற்றிய பின் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றும் முறை கையேட்டில் இருக்கும், அதை விட்டுவிட்டால் வண்டி முனகும், தயங்கும். டிரான்ஸ்மிஷன் மேலுள்ள சிறு விசிறியில் காய்ந்த புல் அடைக்கும், மாதம் ஒரு முறை ஊதிவிடுங்கள். சூட்டிலிருந்து அதைக் காப்பது அந்த விசிறி மட்டும்தான்.

பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை சரி. பம்பில் 'அன்லெடட் 88' என்று மலிவாக இருப்பதில் எத்தனால் 15 சதவீதம். மோவர் எஞ்சினில் அதை ஊற்றுவது அமெரிக்கச் சட்டப்படியே கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகும் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் கலந்து, சில நிமிடம் எஞ்சினை ஓட்டி, கார்புரேட்டர் வரை அது போகச் செய்யுங்கள். மார்ச்சில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நவம்பரில் விட்ட பெட்ரோல்தான்.

பிளேடை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை தீட்டுங்கள். மழுங்கிய பிளேடு புல்லை அறுக்காது, கிழிக்கும். நுனி வெளுத்து, இரண்டு நாளில் தரை முழுக்கப் பழுப்பு படர்ந்தது போலத் தெரியும். தீட்டிய பிளேடை நடுத்துளையில் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். சமமில்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்து அது சுழலும் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங்கைத் தின்றுவிடும். திரும்ப மாட்டும்போது மடிப்பு உள்ள இறக்கைப் பக்கம் டெக்கைப் பார்த்து மேலே இருக்க வேண்டும்.

வெட்டில் படிக்கட்டு போல உயர்வு தாழ்வாகக் கோடு விழுந்தால் பிளேடைச் சந்தேகிக்கும் முன் டெக் மட்டத்தைப் பாருங்கள். சமமான கராஜ் தரையில் நிறுத்தி, முதலில் டயர் காற்று: இடமும் வலமும் கையேடு சொல்லும் ஒரே அளவு. இரண்டு ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றிவிட்டு, தடித்த கையுறை போட்டு, ஓர பிளேடைக் குறுக்காகத் திருப்பி வெளி நுனியிலிருந்து தரை வரை டேப்பால் அளங்கள். மறுகோடி பிளேடிலும் அதே அளவு வர வேண்டும். அடுத்து பிளேடை நீளவாக்கில் திருப்பி முன் நுனி, பின் நுனி இரண்டையும் அளங்கள். முன்புறம் எட்டில் ஒரு அங்குலம் முதல் கால் அங்குலம் வரை தாழ்ந்திருக்க வேண்டும். பின்புறம் தாழ்ந்திருந்தால் ஒரே புல்லை இரண்டு தடவை வெட்டி எஞ்சினைத் திணறவைக்கும். பல மாடல்களில் டெக்கைத் தாங்கும் கம்பியின் நட்டை ஒன்றிரண்டு சுற்றுத் திருகினால் சரியாகிவிடும்.

ஓட்டும்போது புல்லைக் காப்பாற்ற ஒரு பழக்கம்: வரிசை முடிவில் ஒரு சக்கரத்தை நிறுத்திவிட்டு அதன்மேல் சுழலாதீர்கள். நின்ற சக்கரம் புல்லை வேரோடு திருகிப் பெயர்த்து, செம்மண் வட்டத்தை விட்டுச் செல்லும். இரண்டு சக்கரமும் எப்போதும் நகரும்படி, முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, மூன்று அசைவில் திரும்புங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரே விதி: வண்டி ஓடும்போது அவர்கள் வீட்டுக்குள். மடியில் வைத்துச் சுற்றிக் காட்டுவது வேண்டவே வேண்டாம். உட்கார்ந்து ஓட்டும் மோவரை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். பிளேடு நுனி மணிக்கு 200 மைலை நெருங்கும் வேகத்தில் சுழல்கிறது. அது வீசும் கல்லை யாராலும் தவிர்க்க முடியாது. ஜீரோ டர்ன் பின்னால் போகும்போதும் பிளேடு நிற்காமல் வெட்டும் என்பதை ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

பழைய வண்டி வாங்குவதானால் அக்டோபர், நவம்பரில் தேடுங்கள்; அப்போது விற்பவர் அவசரத்தில் இருப்பார். மணி மீட்டரைப் பாருங்கள், டெக்கின் அடியைத் தடவித் துரு எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் சூடாக வைத்திருக்கும் எஞ்சினைக் கேட்டு ஏமாறாதீர்கள், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு இருபது முப்பது நிமிடம் வெட்டி ஓட்டி, டிரான்ஸ்மிஷன் சூடான பின் மேட்டில் ஏற்றுங்கள். குளிரில் நேராகப் போன வண்டி சூட்டில் ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கத்து டிரான்ஸ்மிஷன் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈஇசட்டி வகையானால் அதை முழுதாக மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள், இறங்கி வராவிட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.